18 லட்சத்தையும் ஸ்டூடியோவில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. நட்சத்திர ஓட்டல்களில் ஜாஸ் குழுவுடன் 16 ஆண்டுகள் சாக்ஸஃபோன் வாசித்தேன். 2011 முதல் சென்னையில் திரைப்பட ஒலிப்பதிவுகளில் வாசிக்கிறேன். கால்ஷீட் கணக்கில்தான் ஊதியம். கடந்த 3 ஆண்டுகளின் வருமானம் முறையே 9.2, 5.4, 6.1 லட்சம் ரூபாய். பூர்வீக மனையை விற்றதில் 18 லட்சம் கையில் இருக்கிறது. அதை முழுவதும் போட்டு மாடியில் ஸ்டூடியோ கட்டி, வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாமா?
– வாசகர், வளசரவாக்கம்

பதில்: முழுத் தொகையைப் போட வேண்டாம். ஒரே வாத்தியத்தைப் பதிவு செய்து அனுப்புவதற்கு வெளிச்சத்தம் புகாத சிறு அறை, நல்ல மைக் ஒன்று, அதைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினி ஆகியவை போதும் என்பதால், 3 லட்சத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குடும்பச் செலவை 9.2 லட்சம் வந்த ஆண்டை வைத்துத் திட்டமிடாமல், 5.4 லட்சம் வந்த ஆண்டை வைத்துத் திட்டமிடுங்கள். அது மாதம் 45,000 ரூபாய் ஆகிறது. அதில் 40,000 ரூபாயை மட்டும் உங்களுக்கு நீங்களே சம்பளமாக எடுத்துக்கொண்டு, மீதியைக் கருவிப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். சாக்ஸஃபோன் வாசிக்கும் நண்பர் ஒருவர், பதிவு தொடங்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஜி ஷார்ப் பேடை (அந்தச் சுரத்துக்கான துளையை மூடும் சிறு திண்டு) சிகரெட் தாளால் ஒற்றி எடுத்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய பேடுகளை மாற்றுவதை அவர் பணமில்லாமல் தள்ளிப்போட்டிருந்தார்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு 6 மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்வேன். உங்களுக்கு 12 மாதம் வேண்டும். மாதம் 40,000 வீதம் அந்த 4.8 லட்சத்தை வங்கி வைப்பில் வைத்திருங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கும்போது இழப்பீட்டு அட்டவணையை அவசியம் படியுங்கள். ஒரு விரலை இழந்தால் காப்பீட்டுத் தொகையில் சிறு விழுக்காடே கிடைக்கும். உங்களுக்கோ அந்த ஒரு விரலில்தான் தொழிலே இருக்கிறது. ஆகவே தொகையைப் பெரிதாகத் தேர்ந்தெடுங்கள்.

காப்பீட்டுப் பிரீமியம் போக மிஞ்சும் சுமார் 10 லட்சம் உங்கள் 60 வயதுக்கானது. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு முதிர 15 ஆண்டுகள் ஆகும் என்பதால், அதில் பெரும்பகுதியைப் போடுவது உங்கள் வயதுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்தாலே 9 ஆண்டுகளில் 10 லட்சம் ஏறக்குறைய 16.9 லட்சமாகும், அதை அப்போது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம்.

படைப்பு பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையான ராயல்டியை நம்பி இந்தக் கணக்கைத் தளர்த்திவிடாதீர்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர்களுக்கு (பாடுபவர், வாசிப்பவர் போன்றோர்) ராயல்டி உரிமை அளித்திருக்கிறது. ஆனால் திரைப்படத்தில் தற்செயலாகவோ சிறு பகுதியாகவோ பங்களித்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் இடம்பெறாதவரை அச்சட்டம் இதற்கு நிகழ்த்துநராகக் கருதுவதில்லை. ஆண்டுக்கணக்கில் வாசித்த எத்தனையோ கலைஞர்களின் பெயர் எங்குமே பதிவாகாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எனவே ஊதியம் பேசும்போதே டைட்டிலில் பெயர் கேளுங்கள். தேதி, பாடல், ஸ்டூடியோ, இசையமைப்பாளர், வாசித்த பகுதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அதே நோட்டில் ஒவ்வொரு ஊதியத்திலும் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கப்பட்ட டி.டி.எஸ். தொகையையும் குறித்து, வருமான வரித் துறை உங்கள் பெயரில் காட்டும் வரிப்பிடித்த விவரப் பட்டியலுடன் (படிவம் 26ஏஎஸ்) ஒப்பிட்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், கூடுதலாகப் பிடித்த வரி உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவரும்.