டாக்டர் பதில்கள்: காசநோய்க்கு எதற்கு எச்.ஐ.வி. பரிசோதனை?

கேள்வி: என் கணவரின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது சென்ற மாதம் தெரிந்தது. மறுநாளே எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மனம் உடைந்துவிட்டார். டி.பி. வந்தாலே அந்த நோயும் இருக்கும் என்று பொருளா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அப்படிப் பொருள் இல்லை. அந்தப் பரிசோதனை உங்கள் கணவரின் ஒழுக்கத்தின் மேல் எழுந்த ஐயமும் அன்று. பள்ளி மாணவனோ எழுபது வயது மூதாட்டியோ, காசநோய் உறுதியான ஒவ்வொருவரிடமும் நம் நாட்டில் அந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கிறார்கள். இங்குள்ள காசநோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. கிடையாது.

இரண்டும் வெவ்வேறு கிருமிகள். பரவும் வழியும் வேறு. 1882 இல் ராபர்ட் கோக் அடையாளம் காட்டிய காசநோய் பாக்டீரியா, இருமும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் வருகிறது. எச்.ஐ.வி. வைரஸோ உடலுறவு, இரத்தம், ஊசி, தாய்–சேய் உறவு ஆகிய வழிகளில் மட்டுமே வருகிறது. அப்படியிருக்க, இரண்டும் சேர்வது எங்கே?

காசநோய்க் கிருமியைச் சுவாசித்தவர்கள் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. நுரையீரலில் உள்ள விழுங்கு செல்கள் கிருமியைப் பிடித்து, சிடி4 என்னும் வெள்ளணுக்கள் தரும் தூண்டுதலால் அதைச் சுற்றி அரண் போல அடைத்துக்கொள்கின்றன. உள்ளே கிருமி சாகாமல் உறங்கும். இவ்வாறு உறங்கும் கிருமி நோயாக வெளிப்படும் வாய்ப்பு, உடல்வலு உள்ளவருக்கு வாழ்நாள் முழுவதற்குமே 5 முதல் 10 விழுக்காடுதான். எச்.ஐ.வி. அழிப்பது அந்த சிடி4 அணுக்களையே என்பதால், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கு ஏறத்தாழ அதே அளவு ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் நேர்கிறது. காசநோயும் சும்மா இருப்பதில்லை: அது மூட்டிவிடும் அழற்சியால் வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகுகிறது. உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை மிகுதியாகப் பறிப்பது காசநோய்தான். தாம்பரத்தில் 1928 இல் காசநோய்ச் சானடோரியமாகத் தொடங்கிய மருத்துவமனையே பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருமளவில் நாடிவந்த இடமாக மாறியதற்கும் இதுவே காரணம்.

ஆகவே உங்கள் கணவர் தயங்காமல், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் நம்பிக்கை மையத்துக்குச் செல்லட்டும். ஆலோசனையும் சம்மதமும் பெற்ற பிறகே இரத்தம் எடுப்பார்கள். முடிவை அவரது அனுமதியின்றி வெளியிடுவதை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள என் தம்பி, வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இடையில் நிறுத்திவிட்டான். ஒரு மாதமாக மாலைக் காய்ச்சல், எடையும் குறைகிறது. இருமல் அதிகமில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் பரவாயில்லை என்கிறார்கள். டி.பி. இல்லை என்று நிம்மதி கொள்ளலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்பவை இத்தகையவையே.

வழக்கமான காசநோயில் நுரையீரலில் குழிகள் விழுகின்றன. அங்கே பெருகும் கிருமிகள் சளியோடு வெளியே வருவதால் நுண்ணோக்கியில் தென்படுகின்றன. அந்தக் குழிகளை உண்டாக்குவதில் கிருமியைவிட, அதை எதிர்த்து நம் உடல் நடத்தும் போருக்கே பெரும் பங்கு உண்டு. சிடி4 அணுக்கள் மிகவும் குறைந்தவரிடம் அந்தப் போர் நடப்பதில்லை. எனவே குழியும் இல்லை, சளியில் கிருமியும் அரிது. எதிர்ப்புச் சக்தி தளரத் தளர, நோயாளியின் சளி முடிவும் எக்ஸ்ரேயும் பழுதில்லாதவை போலத் தோன்றும் விபரீதம் இதனால்தான் நேர்கிறது. கிருமி இதற்குள் கழுத்து நெறிகளுக்கோ, நுரையீரல் உறைக்கோ, வயிற்றுக்கோ, மூளை உறைக்கோ சென்றிருக்கலாம்.

நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லி லிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலே போதும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அது சொல்லிவிடும். தம்பிக்கு எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால் ஊசியால் அதன் நீரை எடுத்தும் பரிசோதிக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலே காசநோயைத் தேட வேண்டும்; மற்றவர்களைப் போல இருமலுக்கு இரண்டு வாரம் காத்திருக்கும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. தலைவலி, வாந்தி, மயக்கம், கழுத்து விறைப்பு தோன்றினால் அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.

கேள்வி: டி.பி. மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி.யும் தொடங்கினார்கள். வற்றிவந்த கழுத்து நெறி அடுத்த மூன்று வாரத்தில் மறுபடியும் பருத்து, காய்ச்சலும் திரும்பிவிட்டது. மருந்துகள் ஒன்றுக்கொன்று ஆகவில்லையா? ஒன்றை நிறுத்தட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏ.ஆர்.டி.யால் வைரஸ் அடங்கியதும் எதிர்ப்புச் சக்தி மீள்கிறது. மீண்ட சக்தி, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த காசநோய்க் கிருமிகளின் மேல் ஒரேயடியாகப் பாய்கிறது. நெறி பருப்பதும் காய்ச்சலும் பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலின் விளைவே. ஆயினும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாலும் இதே தோற்றம் வரக்கூடும் என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் சிறிது காலம் ஸ்டீராய்டு தருவார்.

மருந்துகள் ஒன்றோடொன்று உரசுவதும் உண்மைதான். ரிஃபாம்பிசின் (சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது அதுவே, அஞ்ச வேண்டாம்) கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, டோலுடெக்ரவிர் என்னும் ஏ.ஆர்.டி. மருந்தை விரைவில் சிதைத்துவிடுகிறது. ஆகையால் நாளுக்கு ஒரு முறை எடுக்கும் 50 மில்லி கிராம் மாத்திரையை 12 மணி நேர இடைவெளியில் இரு முறை எடுக்க வேண்டும். உங்கள் சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

இத்தனை சிக்கல் இருக்க, காசநோயை முடித்துவிட்டு ஏ.ஆர்.டி. தொடங்கினால் என்ன என்று தோன்றலாம். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது: காசநோய்ச் சிகிச்சையின் போதே ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களிடையே, சிகிச்சை முடியும்வரை காத்திருந்தவர்களைவிட இறப்பு 56 விழுக்காடு குறைவாக இருந்தது. இன்று இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே வழக்கம். மூளை உறைக் காசநோய்க்கு மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் பொறுக்கிறார்கள். அங்கே அந்தப் பாய்ச்சல் உயிருக்கே உலையாகும்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள என் தந்தைக்குக் காசநோய் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். நோய் இல்லாதவருக்கு மருந்து எதற்கு?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உறங்கும் கிருமியைத் தீர்ப்பதற்கு. ஐசோனியாசிட் மாத்திரையை, நரம்பு பாதிக்காமலிருக்க வைட்டமின் பி6 உடன், தினமும் ஆறு மாதம் தருவது ஒரு முறை. ரிஃபாபென்டினும் ஐசோனியாசிடும் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வேளை தருவது இன்னொரு முறை. தொடங்கும் முன் மேலே சொன்ன நான்கு அறிகுறிகளும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம். நோய் விழித்திருக்கும் உடலில் ஐசோனியாசிடை மட்டும் கொடுத்தால், கிருமி அந்த மருந்தை வெல்லக் கற்றுக்கொள்ளும். தந்தைக்கு மதுப்பழக்கமோ முன்பு மஞ்சள் காமாலை வந்ததோ இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.