கோழி இருக்கக் கூழைக்கடா எதற்கு?

கேள்வி: கூழைக்கடா தன் மார்பை அலகால் கிழித்து, அந்த ரத்தத்தால் இறந்துபோன குஞ்சுகளை உயிர்ப்பிக்குமாமே? கிறிஸ்துவின் மீட்புக்கு இந்த இயற்கை அதிசயமே சாட்சி என்று எங்கள் போதகர் பிரசங்கித்தார். உண்மைதானா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: உண்மையில்லை. கூழைக்கடா விழுங்கிவந்த மீனைக் கக்கித்தான் ஊட்டும். அப்போது அலகை மார்போடு அழுத்தும். வளர்ந்த குஞ்சு அதன் தொண்டைக்குள் தலையையே விட்டுத் தின்னும். தூரத்திலிருந்து இதைப் பார்த்த எவரோ ரத்தக் கதை கட்டியிருக்கலாம்.

இறந்துபோன குஞ்சுகள் என்கிறீர்களே, அவற்றைக் கொன்றது யார் என்று போதகர் சொன்னாரா? ‘பிசியோலோகஸ்’ என்ற பழைய கிரேக்க நூலில் அது இருக்கிறது. வளரும் குஞ்சுகள் பெற்றவர்களின் முகத்தில் அடிக்கின்றன. பெற்றவை திருப்பி அடித்ததில் குஞ்சுகள் செத்துவிடுகின்றன. மூன்றாம் நாள்தான் தாய் தன் விலாவைத் திறக்கிறது. கலகம், தண்டனை, பெற்ற வயிற்றின் துக்கம் எல்லாம் அதில் உண்டு. நம் மேடைகளில் முன்பாதியை நறுக்கி எறிந்துவிட்டு ரத்தத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் மீட்பை எப்படிப் பிரசங்கிப்பது?

இந்தக் கதையைச் சொன்ன பழங்காலத் திருச்சபை ஆயர் அகஸ்டீனே, 102ஆம் சங்கீதத்துக்கு எழுதிய விளக்கத்தில், இது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நிதானம் இன்று ஒலிபெருக்கி முன்னால் நிற்பவர்களுக்கு இல்லை. 40 வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துப் புது அலகு முளைக்கக் காத்திருக்கும் என்ற கதையை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை மறுத்தாயிற்று. அலகு உடைந்த கழுகு பட்டினியால் சாகும். இருந்தும் நற்செய்திக் கூட்டம் தவறாமல் அது பறந்துகொண்டிருக்கிறது!

இயேசு தமக்கென்று எடுத்துக்கொண்ட பறவை எது? எருசலேமைப் பார்த்து, “கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே” சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தரமோ விரும்பினேன் என்கிறார் (மத்தேயு 23:37). கேட்டவர்களில் எவரும் வீட்டு முற்றத்தில் சரிபார்த்துவிடக்கூடிய உவமை. வராமல் போன குஞ்சுகளின் பிடிவாதமும் அதே வசனத்தில் இருக்கிறது: “உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று.” இது கையில் இருக்கும்போது கட்டுக்கதைக்கு ஏன் அலைய வேண்டும்?

கூழைக்கடாதான் வேண்டும் என்றால் உங்கள் போதகர் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போகட்டும். அங்கே பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவில், வீட்டுப் புழக்கடை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் கவிச்சியும் குடலைப் புரட்டும், ஊர் பொறுத்துக்கொள்கிறது. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்களும் அவ்வூரில் உண்டு. மாசி, பங்குனியில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். குஞ்சு எப்படித் தின்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.