கேள்வி – பதில்: கால்நடை மருத்துவமனையின் பூட்டிய அலமாரி

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை: விலங்குகளுக்குத் தேவைப்பட்டாலும், மனிதர் போதைக்காகத் திருப்பிவிடக்கூடும் என்பதால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஆகவே அவற்றுக்குச் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு ஆண்டுகளாக வலிப்பு நோய். ஃபீனோபார்பிட்டால் மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். அண்மையில் மருத்துவர் என்னுடைய அடையாள அட்டையைக் கேட்டார்; ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை தர இயலாது என்றும் சொல்லிவிட்டார். நோய் நாய்க்கு, சந்தேகம் எனக்கா?

பதில்: உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆயினும் மருத்துவர் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் ஒருவர் ஒரே மருந்தை இரண்டு இடங்களில் எழுதி வாங்கினால் அவருடைய பெயரும் பிறந்த தேதியும் காட்டிக்கொடுத்துவிடும். நாய்க்கோ ஓரிடத்தில் ஒரு பெயர், வேறோர் இடத்தில் இன்னொரு பெயர் வைத்துச் சீட்டு வாங்க முடியும். மருந்தை வாங்கிச் செல்பவரின் அடையாளத்தைத் தவிர மருத்துவருக்குப் பிடிமானம் வேறில்லை.

அளவையும் பாருங்கள். 24 கிலோ எடையுள்ள நாய்க்கு, கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இருவேளை கொடுத்தால், வேளைக்கு 60 மில்லிகிராம் ஆகிறது. மாதத்துக்கு அந்த அளவுள்ள மாத்திரைகள் அறுபது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு வலிப்புக்காகத் தரப்படும் அளவுக்கு இது ஏறத்தாழ நிகரானது. போதாக்குறைக்கு, இந்த மருந்து கல்லீரலைத் தூண்டித் தன்னையே விரைவாகச் சிதைக்கச் செய்வதால், சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். காரணம் அறியாமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் தணிக்கையாளருக்கு அந்த ஏற்றம் முறைகேடு போலவே தோன்றும். எனவே இரத்தத்தில் மருந்தின் அளவைக் காட்டும் பரிசோதனை அறிக்கைகளையும், வலிப்பு வந்த நாள்களைக் குறித்த ஏட்டையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு என்பதால், மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறேன். மருந்துச் சீட்டுகளைக் கணினியில் கண்காணித்தாலே முறைகேடு நின்றுவிடும் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. அமெரிக்காவில் மருந்துச் சீட்டுக் கண்காணிப்புக்குப் பழைய வரலாறு உண்டு. கலிபோர்னியா 1939-லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கும் பல மாநிலங்கள் கால்நடை மருத்துவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருக்கின்றன. விலக்கில்லாத இடங்களிலும் அந்தத் திட்டங்களுக்குத் தெரிவது உரிமையாளர் கையில் கொடுத்தனுப்பிய மருந்துதான். அறுவைக் கூடத்தில் மருத்துவரே ஊசியில் ஏற்றிச் செலுத்துவது அந்தக் கணினிக்கு எட்டாது. போதைக்காகவும் நாடப்படும் மயக்க மருந்தான கெட்டமின் பெரும்பாலும் செலவாவது அந்த அறையில் அல்லவா?

பூனைக்கான ஒரு கணக்கைப் பார்ப்போம். 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 20 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 0.2 மில்லிலிட்டர் எடுத்தால் போதும். 10 மில்லிலிட்டர் குப்பி ஏட்டின்படி ஐம்பது பூனைகளுக்கு வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் கழுத்திலும் சிறிது மருந்து தங்கிவிடும். அது 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாற்பதாவது பூனையோடு குப்பி காலி. யாரும் திருடாமலே பத்துப் பூனைகளுக்கான மருந்து ஏட்டுக்கும் குப்பிக்கும் நடுவே காணாமற்போகிறது. கையாடல் செய்பவர் பதுங்குவது இந்த இடைவெளிக்குள்தான்.

ஆகவே கண்காணிப்பு குப்பியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்த விலங்குக்கு எந்தக் குப்பியிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள், மீதம் எவ்வளவு என்பதை அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். குப்பி முடிந்ததும் இருவர் சேர்ந்து சரிபார்த்துக் கையொப்பமிடுங்கள். மருந்துக்கு ஆணை அனுப்புபவரும் இருப்பை எண்ணுபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. முனையில் மருந்து தங்காத வகைச் சிரிஞ்சுகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் இடைவெளி வெகுவாகக் குறையும்.

ஒருமுறை ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. மூன்று மாதப் பதிவுகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வான கையெழுத்தில், ஒரு துளிகூடப் பிசகாமல் இருந்தன. சற்றுமுன் போட்ட கணக்கைத் தெரிந்தவருக்கு அந்தத் துல்லியமே உறுத்தும். ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதிய ஏடு அது. பிரிட்டனில் இரண்டாம் அட்டவணை மருந்துகளின், அதாவது கெட்டமின் போன்ற கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின், பதிவை அன்றோ மறுநாளோ எழுதிவிட வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது, பிழையை ஓரத்தில் தேதியோடு குறிக்க வேண்டும் என்று விதி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏட்டுக்கு வெளியேயும் தடயம் உண்டு. வழக்கமான அளவுக்கு மயக்கம் பிடிக்காமல் விலங்குகள் அடுத்தடுத்து அசைந்தால், குப்பியில் மருந்துக்குப் பதிலாக உப்புநீர் இருக்கிறதோ என்று கேட்டே ஆக வேண்டும். ‘உடைந்துவிட்டது’ என்ற குறிப்பு ஒரே ஊழியரின் பணிநேரத்தில் திரும்பத் திரும்ப வருவதும் அப்படித்தான். கண்டுபிடித்ததும் தாமதிக்காதீர்கள்: அமெரிக்க விதிப்படி, திருட்டையோ கணிசமான இழப்பையோ அறிந்த ஒரு வேலைநாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: சைலசீன் என்ற கால்நடை மருந்து போதைப்பொருளில் கலக்கப்படுவதாகப் படித்தேன். அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்தா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். 1962-ல் உருவாக்கப்பட்டு, குதிரை, மாடு போன்றவற்றை அமைதிப்படுத்தப் பயன்படும் இம்மருந்து மனிதருக்கென அனுமதிக்கப்பட்டதல்ல. அபின் வகையைச் சேர்ந்த வலிமையான மருந்தான ஃபெண்டனிலோடு கலந்து விற்கப்படும் சைலசீனை 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசு உருவெடுத்துவரும் அச்சுறுத்தல் என்று அறிவித்தது; பிரிட்டன் 2025 ஜனவரியில் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் ‘சி’ வகுப்பில் சேர்த்தது. அபின் வகையைச் சேராததால், அவ்வகை மருந்து மிகும்போது கொடுக்கும் நலோக்சோன் சைலசீனை முறிக்காது. ஆனாலும் கூடவே ஃபெண்டனில் இருக்கும் என்பதால் நலோக்சோனைக் கொடுக்கத்தான் வேண்டும். அட்டவணையில் இல்லாத இடத்திலும் உங்கள் மருத்துவமனையில் சைலசீனைப் பூட்டி வைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

கேள்வி: இத்தனை கெடுபிடி இருந்தால் வாயில்லா உயிர்களுக்கு வலி நீக்கும் மருந்தே கிடைக்காமற் போய்விடாதா?

பதில்: அந்த அச்சம் நியாயமானதே. 2015-ல் கெட்டமினைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் முன்மொழிவு ஐ.நா. போதைமருந்து ஆணையத்தின் முன் வந்தபோது, உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வேண்டாம் என்றே பரிந்துரைத்திருந்தது. வசதி குறைந்த இடங்களில் அறுவைச் சிகிச்சைக்கு வேறு மயக்க மருந்து கிடைப்பதில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆணையமும் முடிவெடுக்காமல் தள்ளிவைத்தது.

ஏடும் தணிக்கையும் எதற்கு என்று வலிமையான வலிநீக்கிகளை வாங்குவதையே கைவிட்டுவிட்டு, அவற்றைவிட வலிமை குறைந்த டிராமடால் என்ற வலிநீக்கியைக் கொடுத்து ஒப்பேற்றும் போக்கும் இருக்கிறது. நாயின் உடல் டிராமடாலை வலிநீக்கும் வடிவத்துக்கு மிகக் குறைவாகவே மாற்றுகிறது. பூனைக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே தணிக்கைக்கு வருபவர் ‘ஏன் இவ்வளவு வாங்கினீர்கள்?’ என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. வாரத்துக்கு இரண்டு எலும்பு முறிவு அறுவைகள் நடக்கும் மருத்துவமனையில் ஆண்டு முழுதும் அபின் வகை வலிநீக்கி ஒரு குப்பிகூட வாங்கப்படவில்லை என்றால், அதற்கும் அங்கே விளக்கம் கேட்க வேண்டும்.