பைக்கில் ரெயின், அர்பன், ஸ்போர்ட் என்று மோட் மாற்றும்போது உண்மையில் என்ன மாறுகிறது? எப்போது எதைப் போட வேண்டும்?

பட்டனை அழுத்தினால் இன்ஜினுக்குள் எந்தப் பாகமும் மாறிவிடாது. அதே பிஸ்டன், அதே வால்வு, அதே கியர்தான். மணிக்கட்டை எவ்வளவு திருப்பினால் பின்சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை போக வேண்டும் என்ற கணக்குதான் மாறுகிறது. ஓட்டும்போது "வேற வண்டி மாதிரி இருக்கே" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கே காரணம். ஷோரூமில் சொல்லும் பிஎஸ் (குதிரைத்திறன்) எண்களுக்கு அதில் பங்கு குறைவு.

2020 ஜனவரியில் பிஎஸ்6 மாசு விதிக்கு ஏற்ப வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ எடுத்துக்கொள்வோம். டிவிஎஸ் ஓசூரில் தயாரிக்கும் வண்டி. 2017 டிசம்பரில் வந்த முதல் ஆர்ஆர் 310-இல் மோட் கிடையாது. 2020-இல் ரைடு-பை-வயர் (கேபிளுக்குப் பதில் சென்சாரும் மோட்டாரும்) வந்தது, கூடவே ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக் என்று நான்கு மோடும் வந்தன. ஸ்போர்ட்டிலும் டிராக்கிலும் 9700 ஆர்பிஎம்மில் 34 பிஎஸ், 7700-இல் 27.3 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). ரெயினிலும் அர்பனிலும் 7700-இல் 25.8 பிஎஸ், 6700-இல் 25 நியூட்டன் மீட்டர். டாப் ஸ்பீடு முதல் ஜோடிக்கு 160, இரண்டாவது ஜோடிக்கு 125.

34 எங்கே, 25.8 எங்கே, கால்வாசி பவர் போச்சே என்று பதற வேண்டாம். டார்க்கைப் பாருங்கள்: 27.3-லிருந்து 25. எட்டு சதவீதம் சொச்சம்தான் குறைகிறது. 7700 ஆர்பிஎம்மில் 25.8 பிஎஸ் என்றால் அங்கே டார்க் சுமார் 23.5 வரும். ஸ்போர்ட்டில் அதே இடத்தில் 27.3. அதாவது முழுசாக முறுக்கி 7700 வரை ஏற்றினால்தான் பதினாலு சதவீத வித்தியாசமே கிடைக்கும். ஊருக்குள் ஓட்டுகிறவர் பெரும்பாலும் 3000-க்கும் 5500-க்கும் நடுவில் இருப்பார், வலது கைப்பிடியை, அதாவது கிரிப்பை, கால்வாசிக்கு மேல் திருப்பவே மாட்டார். அங்கேயும் ஸ்போர்ட் துள்ளுகிறது, அர்பன் சாந்தமாக இருக்கிறது என்றால், உச்ச பவரால் அதை விளக்க முடியாது.

விளக்கம் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் இருக்கிறது. கேபிள் வண்டியில் கிரிப்பைத் திருப்பினால் அதற்குள் உள்ள பட்டர்ஃபிளை தட்டு அதே அளவுக்கு நேரடியாகத் திறக்கும். ஆனால் தட்டு திறப்பதும் இழுவை கூடுவதும் ஒரே விகிதத்தில் நடப்பதில்லை. 3000 ஆர்பிஎம்மில் இன்ஜின் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான். தட்டு மூன்றில் ஒரு பங்கு திறந்தாலே அது கேட்ட காற்று ஏறக்குறைய முழுசாகக் கிடைத்துவிடும். அதற்கு மேல் திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. குழாயை லேசாகத் திருகினாலே வாளி நிறைகிற வேகத்தில் தண்ணீர் கொட்டிவிட்டால், மீதித் திருகலுக்கு வேலை இல்லையே, அதே கதைதான். அதனால் குறைந்த ஆர்பிஎம்மில் முதல் சில டிகிரியிலேயே குலுக்கலாக வரும், மீதித் தூரம் வெறுமனே சுற்றும்.

ரைடு-பை-வயரில் கிரிப்பில் இருப்பது சென்சார். கை எவ்வளவு திரும்பியது என்பதை இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். தட்டைத் திறப்பது ஒரு சின்ன மோட்டார். நடுவில் உள்ள மேப், இந்த ஆர்பிஎம்மில் இவ்வளவு திருப்பினால் தட்டு இவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. மோட் என்பது இந்த மேப்பில் மூன்று விஷயங்களை மாற்றுவது. முதலாவது சரிவு: முதல் கால்வாசித் திருப்பலில் எவ்வளவு இழுவை வர வேண்டும் என்பது. இரண்டாவது வேகம்: கையைச் சட்டென்று திருப்பினாலும் தட்டு எவ்வளவு சீக்கிரம் திறக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு. மூன்றாவது உச்சம்: முழுசாகத் திருப்பினாலும் இதற்கு மேல் கிடையாது என்ற கூரை. விளம்பரத்தில் வருவது மூன்றாவது மட்டும். தினசரி உங்கள் கைக்குத் தெரிவது முதல் இரண்டும்.

இந்த மூன்றையும் கம்பெனிகள் தனித்தனியாகவும் கையாளும். 2010 டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200-இல் ஸ்போர்ட், டூரிங் இரண்டிலும் 150 ஹெச்பி. ஆனால் டூரிங்கில் அந்த 150 நிதானமாக வந்து சேரும். அர்பன், எண்டூரோ இரண்டிலும் கூரை 100. அதற்கு முன்னால், 2007-இல் சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 ஏ, பி, சி என்று மூன்று மேப்போடு வந்தபோது முழு ரைடு-பை-வயரே இல்லை. முதல் தட்டு கேபிளில், அதன் மேல் இரண்டாவது தட்டு மட்டும் மோட்டாரில். சி போட்டால் அந்த இரண்டாவது தட்டு அடக்கி வாசிக்கும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ரைடு-பை-வயர் இருந்தாலே மோட் இருக்கும் என்றும் இல்லை. ட்ரையம்ஃப் ஸ்பீடு 400-இல் முன்னது உண்டு, பின்னது கிடையாது.

ஆர்ஆர் 310-இல் மோடோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் மாறும். ரெயினில் சீக்கிரமே குறுக்கிடும், டிராக்கில் விட்டுப் பிடிக்கும். ரெயினுக்கும் அர்பனுக்கும் பவர் எண் ஒன்று, ஸ்போர்ட்டுக்கும் டிராக்கிற்கும் ஒன்று. ஆகவே "அர்பனும் ரெயினும் ஒண்ணுதானே" என்று கேட்பவர்கள் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். மண் ஒட்டிய சாலையில் முன் பிரேக்கை அழுத்தும்போது அந்த வித்தியாசம் முக்கியம். டிராக் மோடைப் பொதுச் சாலையில் போடாதீர்கள். ஸ்போர்ட்டைவிடப் பவர் அதிகமாகாது, ஏபிஎஸ் தரும் பாதுகாப்பும் குறையும். கண்டிப்பாகச் சொன்னால், 310 சிசி வண்டிக்கு நான்கு மோட் கொஞ்சம் அதிகம். ஹிமாலயன் 450-இல் ராயல் என்ஃபீல்டு ஈகோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டோடு நிறுத்தி, இரண்டிலும் பின் ஏபிஎஸ்ஸை வேண்டுமானால் அணைக்கலாம் என்று வைத்தது. தெருவில் ஓட்டுகிறவருக்கு அதுவே போதுமான பிரிப்பு.

வித்தியாசத்தை நீங்களே பார்க்க ஒரு எளிய வழி. கிரிப்பின் உள்விளிம்பில் ஒரு சின்ன வெள்ளை டேப், அதற்கு நேராக ஸ்விட்ச் பாக்ஸில் ஒன்று. கிரிப் மூடியிருக்கும்போது இரண்டும் நேர்கோட்டில் இருக்கட்டும். கால்வாசி திருப்பினால் எங்கே வரும் என்று மூன்றாவது டேப் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச் சாலையில் மூன்றாவது கியர், 4000 ஆர்பிஎம், சீராகப் போய் மூன்றாவது டேப் வரை சட்டென்று திருப்பி அப்படியே பிடியுங்கள். ஸ்போர்ட்டில் உடனே உந்தும். அர்பனில் ஒரு நொடி யோசித்துவிட்டு ஏறும். ரெயினில் ரப்பரை இழுப்பது போல ஒரு தொய்வு தெரியும். பிறகு அதே இடத்தில் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். மூன்றுக்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. கைக்குப் பழகிய பிறகு செய்யுங்கள்.

எப்போது எது? ஊருக்குள் அர்பன். ஒற்றை சிலிண்டர் வண்டி, முதல் இரண்டு கியரில் ஸ்போர்ட்டின் சரிவு குழி மேட்டில் தொல்லை: சக்கரம் குழியில் இறங்கும்போது கையும் ஒரு மில்லிமீட்டர் ஆடும், அதை ஈசியூ கட்டளையாக எடுத்துக்கொள்ளும், வண்டி குதிக்கும், கை இன்னும் ஆடும். அர்பனில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். நெரிசலில் ஆர்ஆர் 310 கிளட்சை விட்டாலே தானாக ஊர்ந்து போகும். அதை நம்பிக் கிரிப்பைத் தொடாமல் விடுவது நல்லது.

மழையில் ரெயின், அதுவும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து வழவழக்கும் நேரத்தில். ஆனால் 2020 ஆர்ஆர் 310-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. ரெயின் மோட் பின்சக்கரம் வழுக்குவதைக் கண்டுபிடித்து நிறுத்தாது; வழுக்கும் அளவுக்கு இழுவை சட்டென்று போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் மேல் சாய்த்துக்கொண்டு முறுக்கினால் எந்த மோடும் காப்பாற்றாது. யு-டர்ன், பார்க்கிங், மணல் போன்ற இடங்களுக்கும் ரெயின் ரொம்ப வசதி. காய்ந்த சாலையாக இருந்தாலும் போடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நெடுஞ்சாலையில் ஸ்போர்ட். காரணம் ஓவர்டேக். 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பேருந்தைத் தாண்ட, ஆறாவது கியரில் முறுக்கிவிட்டு எதிரே வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதுதான் பலர் செய்வது. ரெயினிலோ அர்பனிலோ அந்தத் தொய்வும் 7700-க்கு மேல் பவர் குறைவதும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். மோடை மாற்ற மறந்திருந்தால் ஒரு கியர் குறைத்துவிட்டுத் தாண்டுங்கள், அல்லது தாண்டாதீர்கள். பாதி ஓவர்டேக்கில் பட்டனைத் தேடுவது வேண்டாத வேலை.

கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகள் மாதிரியான ஏற்றத்தில் பலரும் ஸ்போர்ட்தான் சரி என்பார்கள். வளைவுகளுக்கு நடுவில் அது சரி. வளைவுக்குள், கிரிப்பை மூடி மறுபடி திறக்கும் அந்தக் கணத்தில், அர்பன் நன்றாக இருக்கும். கிரிப் மூடினால் பெட்ரோல் நிற்கிறது, திறந்தால் மறுபடி பாய்கிறது. செயினில் உள்ள தொய்வு இறுகும்போது ஒரு ஜெர்க் அடிக்கும். சாய்ந்திருக்கும் வண்டிக்கு அந்த ஜெர்க் பிடிக்காது. ஸ்போர்ட்டிலேயே போவதென்றால் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கிரிப்பைத் திறங்கள், ஜெர்க் மெத்தென்று ஆகிவிடும்.

மோட் மாற்றும்போது பெரும்பாலான வண்டிகளில் கிரிப் முழுசாக மூடியிருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளேயில் பெயர் மின்னிக்கொண்டே இருக்கும். கையை விட்டு மூடிய பிறகுதான் மாறும். நேர்ச் சாலையில் மாற்றுங்கள். நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழைய மோட் நிற்கிறதா, இயல்பு மோடுக்குத் திரும்புகிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கிளம்பும்போது திரையை ஒருமுறை பார்ப்பது பழக்கமாகட்டும்.

மைலேஜ் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சீராக 70-இல் போக இன்ஜின் கொடுக்க வேண்டிய பவர் எல்லா மோடிலும் ஒன்றே, தட்டு திறப்பதும் ஏறக்குறைய ஒன்றே. மிச்சமாவது சிக்னலுக்குச் சிக்னல் துள்ளிப் பாய்வதை மோட் தடுப்பதால் மட்டும்தான். ஏற்கனவே நிதானமாக ஓட்டுகிறவருக்கு அர்பன் போட்டும் ஒன்றும் கூடாது.

"ஸ்போர்ட்டில் ரொம்ப ஜெர்க் அடிக்குது" என்றால் மேப்பைத் திட்டுவதற்கு முன் செயினைப் பாருங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும்; உங்கள் மேனுவலில் உள்ள அளவே இறுதி. ஐம்பதைத் தொட்டிருந்தால் எந்த மேப்பும் மென்மையாக இருக்காது. அடுத்து கிளட்ச் கேபிள் ஃப்ரீப்ளே (இறுகும் முன் உள்ள தளர்வு). பிறகு பின்சக்கர ஹப்பில் உள்ள ரப்பர் டேம்பர்கள். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால், தேய்ந்த ரப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

சாவி போட்டதும் ரைடு-பை-வயர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த ஓரிரு நொடி கிரிப்பைத் திருகாதீர்கள். கிரிப் சென்சாரில் இரட்டைத் தடம் உண்டு. இரண்டும் வேறு வேறு சொன்னால் ஈசியூ இன்ஜின் லைட்டைப் போட்டு வண்டியைப் பவர் குறைத்த நொண்டி ஓட்டத்தில் தள்ளிவிடும், எந்த மோடும் வேலை செய்யாது. அடிக்கடி காரணம் சென்சாரைவிடச் சுற்றியுள்ளவைதான்: கனெக்டரில் தண்ணீர், பிரஷர் வாஷ், தளர்ந்த பேட்டரி முனை, அல்லது ஆசைக்கு மாட்டிய தடித்த கிரிப்பும் பார்-எண்ட் எடையும் உரசி, கிரிப் முழுசாக மூடாமல் நிற்பது. கையை விட்டதும் கிரிப் டக்கென்று திரும்புகிறதா என்று ஹேண்டில் இரண்டு பக்கமும் திருப்பிய நிலையில் பாருங்கள். சில வண்டிகளில், உதாரணமாக 2006 யமஹா ஆர்6-இல், கிரிப்பிலிருந்து சென்சார் வரை கேபிளும் உண்டு. அங்கே கேபிள் ஃப்ரீப்ளேவும் சரிபார்க்க வேண்டும்.

த்ராட்டில் பாடியைக் கழுவுகிறேன் என்று மெக்கானிக் விரலால் தட்டைத் தள்ளித் திறந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது சின்ன கியர்களும் மோட்டாரும். பல் உடைந்தால் முழு பாடியையும் மாற்ற வேண்டிவரும். கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது, பிறகு சர்வீஸ் டூலில் தட்டின் மூடிய நிலையை மறுபடி கற்றுக்கொடுப்பது, இதுதான் முறை.

கடைசியாக, கிரிப் கனெக்டருக்கு நடுவில் செருகும் "த்ராட்டில் கன்ட்ரோலர்" பெட்டி. அது செய்வது ஒன்றுதான்: கை இருபது சதவீதம் திரும்பினால் முப்பது என்று ஈசியூவிடம் பொய் சொல்வது. முழுசாகத் திருப்பினால் நூறு, அதற்கு மேல் சொல்ல எண் இல்லை, ஆகவே உச்ச பவர் அப்படியே இருக்கும். ஸ்போர்ட் மோட் உள்ள வண்டிக்கு இந்தப் பெட்டி தண்டச் செலவு. வாரண்டி காலத்தில் நொண்டி ஓட்டக் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டர் முதலில் காட்டும் பொருளும் அதுவாகத்தான் இருக்கும்.