ரோமில் முதல் நாள்: தம்பதிகள் கேட்கிறார்கள், வழிகாட்டி பதில் சொல்கிறேன்

ரோம் நகரத்தில் முதல் நாள், நடை, சாப்பாடு. இன்று இவ்வளவுதான். விசா பற்றிக் கேட்காதீர்கள், நான் நடத்திக் கூட்டிப்போகும் ஆள், தூதரகம் அல்ல.

சென்னையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி: காலை எட்டு மணிக்கு ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் இறங்குகிறோம். அன்றே வத்திக்கான் அருங்காட்சியகமும் கொலோசியமும் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். கூடவே நீங்களும் முடிந்துபோவீர்கள். இரண்டுக்கும் நேரம் குறித்த சீட்டு. விமானம் தாமதமானால் பணம் போச்சு. முதல் நாளுக்கு நேரக்கட்டு உள்ள எதையும் வாங்காதீர்கள்.

தெர்மினி நிலையம் பக்கம் தங்குகிறீர்கள் என்றால் விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில், 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. தங்குவது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்ராஸ்தேவெரே பகுதி என்றால் எஃப்எல்1 ரயில் 8 யூரோதான். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் நடையைத் தொடங்குங்கள். 1600-ல் தத்துவஞானி ஜோர்தானோ புரூனோவை உயிரோடு எரித்த இடம் அது. இப்போது அவர் சிலைக்குக் கீழே காலையில் காய்கறிச் சந்தை. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் நவோனா சதுக்கம். அது ஏன் அப்படி நீளமாக இருக்கிறது என்று யோசிப்பீர்கள். பேரரசர் தொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல் எழுந்த சதுக்கம், பழைய வடிவம் அப்படியே நிற்கிறது. அப்புறம் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். 2023 ஜூலையிலிருந்து உள்ளே போகக் கட்டணம் உண்டு. கூரை நடுவில் கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம், மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட உட்காருங்கள். பெரும்பாலான நல்ல கடைகளில் இரண்டரை, மூன்றுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்குத்தான் திரும்ப மூட்டுவார்கள். சாப்பிட்டதும் அறைக்குப் போய் ஒரு தூக்கம். மாலையில் சிஸ்தோ பாலம் தாண்டி த்ராஸ்தேவெரே.

ஒரு எச்சரிக்கை. ஜோடியாகப் போனால் ஒருவர் வந்து ரோஜாவை மனைவி கையில் திணித்து "பரிசு" என்பார். கையை நீட்டாதீர்கள். அடுத்த நிமிடம் கணவரிடம் காசு கேட்பார்.

மதுரை: கொலோசியம் மட்டுமாவது முதல் நாள் பார்க்கலாமா?

வெளியே நின்று பார்க்கலாம். இரவில் விளக்கோடு இன்னும் அழகு, காசும் இல்லை.

துபாயில் வேலை செய்பவர்: தண்ணீர் பாட்டில் விலை அதிகமாமே?

வாங்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு "நசோனி" என்ற இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். 1870-களிலிருந்து இருக்கின்றன. குடிக்கிற தண்ணீர்தான், குளிர்ச்சியாகவும் இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியே நேராக வாய்க்கு வரும்.

திருச்சி: நாங்கள் சுத்த சைவம். கச்சோ எ பேப்பே என்ற பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தானாம். பயமில்லாமல் சாப்பிடலாமா?

நல்ல கேள்வி. இறைச்சி கிடையாது, உண்மை. ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ ரொமானோ என்ற பாலாடைக்கட்டி செம்மறி ஆட்டுப்பாலில் செய்வது. நாம் தயிருக்கு உறை ஊற்றுவது போல அவர்கள் அந்தப் பாலைத் திரிய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். அந்தப் பெயரில் விற்க விதியே அப்படித்தான். பார்மிஜானோ என்ற இன்னொரு பாலாடைக்கட்டிக்குக் கன்றுக்குட்டியுடையது. இன்னொன்று, இந்தப் பாஸ்தாவுக்குப் பல கடைகளில் தொன்னரெல்லி என்ற வகை வரும், அதில் முட்டை இருக்கலாம்.

இதைவிட மோசம், பார்த்தால் காய்கறி, உள்ளே நெத்திலி. புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட், பொரித்த பூசணிப்பூ, இரண்டிலும் அதுதான் வழக்கம். "சென்ஸா அலீச்சி" என்றால் நெத்திலி வேண்டாம் என்று பொருள். பூவுக்குள் முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள், அதனால் சொல்லியும் பயனில்லாமல் போகலாம்.

மனம் உறுத்தாமல் சாப்பிட பீட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பென்னே அர்ராபியாத்தா கேளுங்கள், பூண்டும் மிளகாயும் உண்டு, மேலே பாலாடைக்கட்டி தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வந்தால் பழைய யூதர் குடியிருப்பில் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயை முழுசாக மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். அதை விடாதீர்கள்.

கோவை: பால் பொருளுக்கே இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? இத்தாலியிலேயே சைவர்கள் இதைத்தானே சாப்பிடுகிறார்கள்?

பலர் சாப்பிடுகிறார்கள், பலர் சாப்பிடுவதில்லை. அவர் கேட்டார், உள்ளதைச் சொன்னேன். முடிவு அவருடையது.

பெங்களூரு: என் சித்தி மகள் மிலானில் இருக்கிறாள். கடையில் தாவர ரென்னெட் என்று அச்சிட்ட பாலாடைக்கட்டி கிடைக்கிறது என்கிறாள். நீங்கள் சொல்வது தவறு.

அவர் சொல்வதும் சரி, நான் சொன்னதும் சரி. "காலியோ வெஜெதாலே", அதாவது தாவர ரென்னெட், என்று போட்ட வேறு பாலாடைக்கட்டிகள் உண்டு, வாங்கி ரொட்டியோடு சாப்பிடுங்கள். உணவகத் தட்டில் வருவது பெக்கொரீனோ ரொமானோ.

திருச்சி மறுபடியும்: அப்போது திரமிசு என்ற இனிப்பு?

அதில் போடும் மஸ்கார்போனே பாலாடைக்கட்டியை அமிலம் ஊற்றித் திரிய வைப்பார்கள், ரென்னெட் தேவையில்லை. சந்தோஷப்படாதீர்கள், பச்சை முட்டை இருக்கிறது.

கோவை மறுபடியும்: அப்படியானால் இவர்கள் ரோமுக்கே போக வேண்டாம்!

ஐயா, எலுமிச்சை கிரனீத்தா என்ற ஐஸ் இருக்கிறது, மரினாரா இருக்கிறது, போகட்டும். இத்தோடு இந்தப் பேச்சு போதும்.

சிங்கப்பூர்: நமக்குக் காரம் பத்தாதே?

மிளகுக்குக் குறைவில்லை. தொமிஷியன் காலத்தில் ரோமின் நடுவிலேயே மிளகுக்கென்று கிடங்கு கட்டினார்கள், பின்னால் அதன் மேல்தான் பேரரசர் மக்சென்ஷியஸின் மண்டபம் எழுந்தது. முசிறித் துறையிலிருந்து கப்பலில் போன சரக்கு அங்கேயும் வந்து இறங்கியது.

ஈரோடு: முதல் நாளே வத்திக்கான் போகலாமா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: காபிக் கடையில் ஒரே காபிக்கு இரண்டு விலை போட்டிருக்கிறதே?

நின்று குடித்தால் ஒன்று, மேசையில் உட்கார்ந்தால் ஒன்று. நின்றே குடியுங்கள். மீன் கேட்கிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்று இருந்தால் அது நூறு கிராமுக்கு, முழு மீனுக்கு அல்ல. பில்லைப் பார்த்து மயங்கி விழுந்த தம்பதிகளை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

சேலம்: ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் படம் எடுக்க ஆசை.

2019-லிருந்து அங்கே உட்காரத் தடை, அபராதம் போடுவார்கள். நின்றுகொண்டு எடுங்கள். ரோஜாக்காரர்கள் அதிகம் சுற்றும் இடமும் அதுதான், கைகள் பையில் இருக்கட்டும். ஜெலாத்தோ மலைபோல் குவித்து, பிஸ்தா பச்சைப்பசேலென்று இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஓசூர்: தயிர்சாதம் கிடைக்குமா?

எஸ்கிலீனோ சந்தையில் அரிசியும் நம் ஊர் மசாலாவும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

நாமக்கல்: வத்திக்கான் முதல் நாள்...

இல்லை.