திரை முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள் என்றால்

முதலில் பிழைச் செய்திகளை, அதாவது ஏதாவது தவறிப்போனால் திரையில் வருகிற வாசகங்களைத் திரட்டுங்கள். செயலியில் இப்போது இருக்கிற அத்தனையையும் ஒரே தாளில், எந்தத் திரையில் எப்போது வருகிறது என்ற குறிப்போடு. "செயலித் திரைகளுக்கு வார்த்தை எழுதுகிற வேலையில் சேர்ந்து இரண்டு வாரம், வடிவமைப்பாளர்கள் எல்லாம் முடித்த பிறகு வார்த்தை மட்டும் போடச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது" என்று கேட்டிருந்தீர்கள், இங்கேதான்.

அநேகமாக உங்கள் குழுவில் இதற்கு முன் எழுத்துக்கென்று ஆளே இருந்திருக்க மாட்டார், அதனால் உங்களை எப்போது கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒதுக்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்தே வேலை செய்வது பெரிய வசதி. சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கிற தோட்டத்து அண்ணன் ஒருவரிடம் அந்தச் செய்தி வருகிற திரையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாயே திறக்கக்கூடாது. எங்கள் பணச் செயலியில் "பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற அக்கா ஒருவர் அதைப் பார்த்து முகம் வெளிறி, "காசு போயிருச்சா?" என்றார். "பணம் போகவில்லை, உங்கள் கணக்கிலேயே இருக்கிறது" என்று மாற்றினோம். அவர் கேட்ட கேள்வியை அப்படியே குழுவிடம் காட்டினேன், அடுத்த திரையை வரையும் முன்பே என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். அப்படி எழுதும் முன் நிரலாளரிடம் கேளுங்கள், பணம் உண்மையிலேயே கழியவில்லையா என்று. ஒரே செய்தி நாலைந்து வெவ்வேறு கோளாறுகளுக்கு வருவது சகஜம், அதில் ஒன்றில் பணம் கழிந்திருந்தால் நம் ஆறுதல் வார்த்தை பொய்யாகிவிடும்.