தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இது எட்டாம் மாதம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், பிற்காலத்தில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் அதிலுள்ள ஸ்டெம் செல்லை வைத்தே குணப்படுத்திவிடலாம் என்று வீடு தேடி வந்து சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார் மருமகன். செய்யலாமா டாக்டர்?
- வாசகி, தென்காசி

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வாழையில் குருத்து வந்துகொண்டே இருக்கும். விரிந்த இலை திரும்பக் குருத்தாகாது. உடம்பிலும் ஏறக்குறைய அப்படித்தான். நம் சிவப்பணு, ஆக்சிஜன் சுமப்பதற்காகத் தன் உட்கருவையே உதறிவிட்ட அணு. 120 நாளில் அதன் ஆயுள் முடியும். ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள் ஓயாமல் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. விரிந்த இலையையும் குருத்தாக்கலாம் என்று 2006-இல் எலியின் தோல் அணுவில் 4 ஜீன்களைச் செலுத்திக் காட்டினார் ஜப்பானின் ஷின்யா யமனகா. நோபல் பரிசு பெற்ற வேலை அது. ஆனால் உங்களிடம் விற்க வருவது அதுவல்ல.

தொப்புள்கொடி ரத்தத்தில் முக்கியமாக இருப்பது ரத்தக் குருத்தணு. அது ரத்தத்தை உண்டாக்கும். 'எந்த நோய்க்கும்' என்பது பொய். இன்னொன்றையும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். தலசீமியா போன்ற பிறவி ரத்த நோய் என்றால், அதே ஜீன் கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். 1988-இல் பாரிஸில் தொப்புள்கொடி ரத்தத்தால் முதன்முதலில் சிகிச்சை பெற்ற சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய ரத்தம் அல்ல, அப்போது பிறந்த தங்கையுடையது. ஆகவே மூத்த பிள்ளைக்கு அப்படி ஒரு நோய் இருந்தால், தங்கை தம்பியின் கொடி ரத்தத்தைச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. அதை ரத்தநோய் மருத்துவர் சொல்லட்டும். என்றைக்காவது உதவும் என்று சொந்தக் குழந்தைக்காகச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பரிந்துரைப்பதில்லை.

குருத்தணு சிகிச்சையே ஏமாற்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தலசீமியா வந்த ஒரு சிறுமிக்கு அண்ணனின் மஜ்ஜை பொருந்தியது. உடன்பிறந்தவரிடம் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். "ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்று கேட்ட தாயிடம், கம்பியில் தொங்கிய பையைக் காட்டினேன். பார்த்தால் சாதாரண ரத்தப் பைதான். குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிய அணுக்கள், யாரும் வழிகாட்டாமலே எலும்புக்குள் போய்த் தங்கின. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். அதன்பின் தினமும் காலையில், ரத்தத்தில் வெள்ளணு எத்தனை என்று காட்டும் கவுண்ட் சீட்டு. இரண்டு வாரம் 100-ஐத் தாண்டவில்லை; 17-ஆம் நாள் 600. அண்ணனின் அணுக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. அந்தச் சீட்டை அந்த அம்மா திருப்பித் தரவே இல்லை. மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கேள்வி: குருத்தணு தானம் செய்தால் எலும்பு பலவீனமாகுமா?
- கல்லூரி மாணவர், கரூர்

பதில்: ஆகாது தம்பி. பெரும்பாலும் எலும்பைத் தொடுவதே இல்லை. சில நாள் ஊசி போட்டுக்கொண்டால் குருத்தணுக்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும். பிறகு நான்கைந்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, குருத்தணுவைப் பிரித்துக்கொண்டு, மறு கையில் ஏற்றிவிடுவார்கள். கொடுத்தது சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும். பெயரைப் பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தாலே போதும்.